இருபத்தைந்து பல்லுள்ள வாத்தியம்

வலது காலுறைக்குள் ஒரு ரோபோ, இடது காலுறைக்குள் ஒரு ரோபோ என்று நுழைத்து, மேலே முடிச்சுப் போட்டு, அட்டைப்பெட்டிக்குள் தலை மேலே இருக்கும்படி நிறுத்துகிறார் பல்லக்கா. காலுறைகள் அவர் கணவருடையவை. பஸ் ஓட்டப் போகும்போது போடுகிற கறுப்புக் காலுறைகள். செய்தித்தாளில் சுற்றினால் கை ஒடிகிறது, துண்டில் சுற்றினால் நூல் சக்கரத்தில் மாட்டுகிறது, காலுறைதான் உடம்போடு ஒட்டி நிற்கிறது என்பது நான்கு வருட அனுபவத்தில் அவர் கண்டுபிடித்தது. வருடத்துக்கு ஒரு முறை, வட்டார விழாவின் கண்காட்சி நாளில், அந்த வீட்டில் டிரைவர் வெறுங்காலோடு நிற்பார்.

"எனக்குன்னு ஒரு ஜோடி விட்டு வைக்கக் கூடாதா?" என்று அவர் கேட்பதும், "உங்க காலுக்குச் செருப்பு இருக்கு, இதுங்களுக்கு என்ன இருக்கு?" என்று பல்லக்கா திருப்பிக் கேட்பதும் அந்த நாளின் சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

பல்லக்கா பல் டாக்டர் அல்ல. பல் செய்கிறவர். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் பல் லேப் இருக்கிறது. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சின் மேல் மெழுகில் பல்லை வடித்து, உலோகமாக வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே ஜன்னலோர இருக்கை. குடியிருப்பில் யாருக்குப் பல் வலித்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். "நான் வாய்க்கு வெளியில வேலை பாக்கற ஆளுங்க. உள்ள போகணும்னா டாக்டரைப் பாருங்க" என்று சொல்லியும் விடுவதில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போகும்போதும் பூதக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே போய்விடுவார். ஐம்பத்தொரு வயதுப் பெண் நெற்றியில் இன்னும் இரண்டு கண்களோடு வெங்காயம் பொறுக்குவதைப் பார்த்துப் பழகி, அந்தத் தெருவில் இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவருடைய மேசைக்கு முகங்கள் வருவதில்லை. வெள்ளை பிளாஸ்டர் கல்லில் ஒரு தாடை வரும், அடியில் ஒரு எண் எழுதியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாடையைக் கையில் ஏந்தி ஒரு திருப்புத் திருப்பினால் போதும், ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இவர் பென்சில் கடிக்கிறவர். இந்தம்மா ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர். இன்னொருவருக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம்; "பகல்ல வாயைத் திறந்து யாரையும் திட்ட முடியாத ஆளு, பாவம்." பக்கத்து இருக்கைக்காரி சிரித்துவிட்டு, அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதையும் சொல்லச் சொல்லுவாள். இத்தனை ஆயிரம் வாய்களைக் கையால் தெரிந்துவைத்திருக்கிற பல்லக்கா, அவற்றில் ஒன்றுகூட பேசிக் கேட்டதில்லை.

விடுமுறை நாள் மத்தியானங்களில் பால்கனியில் உட்கார்ந்து ரோபோ செய்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லேபில் பல் தேய்க்கிற இயந்திரம் ஒருமுறை நின்றுபோனது. பழுது பார்க்கிறவர் வராமல் இழுத்தடிக்க, அவரே பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த மோட்டார் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு சமர்த்தாக இருந்ததாம். அன்றைக்கு ஆரம்பித்தது. பழைய பிரிண்டர், குப்பைக்குப் போகவிருந்த பொம்மைக் கார், யாரோ தூக்கிப் போட்ட முடி உலர்த்தி எல்லாவற்றிலும் அவருக்கு வேண்டிய எலும்பு ஏதாவது இருக்கும். மற்றவர்கள் செய்கிற ரோபோக்களுக்குக் கண் பெரிதாக இருக்கும். பல்லக்காவின் ரோபோக்களுக்குக் கண்ணே இருக்காது. பல் மட்டும் இருக்கும். இளஞ்சிவப்பு ஈறும், வரிசை பிசகாத பற்களுமாக அசல் வாய்.

அவற்றில் பிரபலமானவர் மாப்பிள்ளை. ஒரு சாண் உயரம். தத்தித் தத்தி மேசை விளிம்பு வரை வந்து, நின்று, வாயைத் திறந்து, முப்பத்திரண்டையும் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். வேறு வேலை எதுவும் தெரியாது. அதனால்தான் அந்தப் பெயர். டிரைவர் இதை வருடா வருடம் கூட்டத்திடம் சொல்லி, "எங்க கல்யாண போட்டோவுல நானும் இப்படித்தான் நின்னேன்" என்று முடிப்பார்.

இத்தனை இருந்தும் நான்கு வருடமாக பல்லக்காவின் மேசையில் விழாக் குழு வைக்கிற அட்டை ஒன்றுதான்: கைவேலை. பெரிய கூடத்தில் ரோபோக்களின் வரிசை இருக்கும். கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவை, ஒன்றை ஒன்று தள்ளிச் சண்டை போடுகிறவை, பேனா பிடித்துப் படம் வரைகிறவை. உள்ளறையில் மின்னிசைக் கருவிகள். எதிரே கையை ஆட்டினால் பாடுகிற பெட்டி, தண்ணீர்க் குழாய்களில் வயர் கோத்த மத்தளம். பல்லக்காவுக்கு வாசலோரம், காகிதப் பூக்களுக்கும் கம்பளிப் பைகளுக்கும் நடுவில் இடம். குழுவின் செயலாளர் கெட்டவர் இல்லை. பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'பல் செய்தல்' என்று பார்த்ததும் அவர் பேனா தானாக அந்தக் கட்டத்துக்குப் போய்விடுகிறது.

"கைவேலைன்னா கேவலம்னு நான் சொல்லல. எல்லாம் கையாலதான் செய்யறேன்," என்பார் பல்லக்கா. "ஆனா பாடற பொருளைப் பூவோட வெச்சா வர்றவங்க கண்ணைக் குடுப்பாங்க. காதைக் குடுக்க மாட்டாங்க."

பாடற பொருள் என்று அவர் சொன்னது இந்த வருடம் புதிதாகச் செய்த வாத்தியத்தை. கீழ்த்தாடையைப் போல வளைந்த ஒரு பலகை. ஈறுக்குச் செய்கிற அதே இளஞ்சிவப்புப் பூச்சு. அதில் இருபத்தைந்து கேப்கள், பல்லின் மேல் மாட்டுகிற உலோக உறைகள். முன்வரிசையில் முழுச் சுரங்கள் பதினைந்து, பின்வரிசையில் அரைச்சுரங்கள் பத்து, தெத்துப்பல் மாதிரி லேசாகத் தூக்கிக்கொண்டு. இடது கையைப் பக்கத்திலிருக்கிற தகட்டில் வைத்துக்கொண்டு வலது விரலால் பல்லைத் தொட வேண்டும். உடம்பே வயராகி, சின்ன பேட்டரியின் சுற்று முடிந்து, ஸ்பீக்கரில் சத்தம் வரும். வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போன்ற, அடித்தொண்டைச் சத்தம்.

அந்தக் கேப்கள் லேபுக்குத் திரும்பி வந்தவை. போட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பியவை. இருபத்தாறு வருடத்தில் அவர் கைவேலையில் நேர்ந்த பிசகு மொத்தமும் அந்தப் பலகையில் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். பல்லக்கா விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். "வருஷத்துக்கு ஒண்ணு கூட இல்ல, பாத்தீங்களா?"

இந்த முறை படிவத்தில் 'இசைக்கருவி' என்ற கட்டத்தில் அவரே பட்டையாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, உள்ளறையில் இடம் நெருக்கடி என்பதில் ஆரம்பித்து, சத்தம் வருவது எல்லாம் இசைக்கருவி ஆகிவிடாது, அழைப்பு மணியும்தான் சத்தம் போடுகிறது என்பதில் வந்து நின்றார். பல்லக்கா கோபித்துக்கொள்ளவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவரை அவரே கூட்டிக்கொண்டு வரட்டும் என்றார். கண்காட்சி அன்று நாலு மணிக்கு. ஒரு பாட்டு முழுசாக வரட்டும்.

"வந்தா அட்டையை மாத்துங்க. வரலைன்னா, இனிமே நானே கைவேலைன்னு எழுதிக் குடுத்துடறேன். உங்களுக்கு இந்தத் தொந்தரவே இருக்காது."

செயலாளர் போன பிறகு, இப்படி வாயை விட வேண்டுமா என்று டிரைவர் கேட்டார். பல்லக்கா ஒரு பல்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை எடுத்த பிறகு பிரேக் இருக்கிறதா என்று கேட்கிற ஆள் தன் வீட்டுக்காரர் என்று பிற்பாடு லேபில் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லியிருக்கிறார்.

கண்காட்சி நாளன்று வாத்தியத்தை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். நாலு மணிக்கு முன் யாரும் தொடக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான். தன் கை பட்டால் ஸ்டியரிங் தவிர எதுவும் உடையும் என்று டிரைவர் எட்டவே நின்றுவிட்டார். காலையிலிருந்து மாப்பிள்ளைதான் தத்தித் தத்தி வந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இடையிடையே துணிக்குள் இரண்டு கையையும் விட்டு ஒரு பல்லைத் தொட்டுப் பார்ப்பார் பல்லக்கா. உள்ளே முனகும். கம்பளிப் பைக்காரம்மா, "உள்ள யாருக்கோ பல் வலி போல" என்பார்.

சரியாக நாலு மணிக்கு செயலாளர் பள்ளிக்கூட இசை டீச்சர் ஒருவரோடு வந்தார். டீச்சர் ஒல்லியான, நரைத்த தலையுள்ள பெண்மணி. கறுப்புப் பலகையில் சுரம் எழுதி எழுதி, சட்டைக் கைகளில் சாக்பீஸ் பொடி படிந்திருந்தது. ரோபோ வரிசையிலிருந்து, சண்டை ரோபோ செய்த இன்ஜினியர் பையனும் கையில் ரிமோட்டோடு எட்டிப் பார்க்க வந்துவிட்டான். சின்னக் கூட்டம் சேர்ந்தது. துணியை எடுத்தார். டீச்சர் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்து, "அரைச்சுரமும் வெச்சிருக்கீங்களே" என்றார். மரியாதையோடு சொன்னதுதான். இடது கையைத் தகட்டில் வைத்து, வலது விரலால் நடுவிலிருந்த பல்லைத் தொட்டார்.

சத்தமில்லை.

அழுத்தித் தொட்டார். அடுத்த பல், அதற்கடுத்தது. வாத்தியம் வாயைத் திறக்கவில்லை. பல்லக்கா தகட்டில் ஒரு கையை வைத்து அதே பல்லைத் தொட்டார். கூடம் முழுக்கக் கேட்கும்படி முனகியது. டீச்சர் தொட்டார். ஒன்றுமில்லை. பல்லக்கா தொட்டார். பாடியது. கூட்டத்தில் ஒருவர், முதலாளி கை பட்டால்தான் பேசும் நாய் மாதிரி இருக்கிறது என்றார். சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அது அவருக்கே வருத்தமாக இருந்தது தெரிந்தது. டிரைவர் மாப்பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுக்க ஆரம்பித்தார்.

பல்லக்கா பேட்டரியைப் பார்க்கவில்லை, வயரைப் பார்க்கவில்லை. டீச்சரின் வலது கையைப் பிடித்துத் திருப்பி, நெற்றியிலிருந்த பூதக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, ஒரு தாடையைப் பார்ப்பது போலப் பார்த்தார். விரல் நுனிகள் வெளிறி, வறண்டு, ரேகையெல்லாம் சாக்பீஸ் பொடி. பிறகு தன் விரல்களைப் பார்த்தார். லேபில் எந்நேரமும் ஒரு கிண்ணத் தண்ணீரில் தோய்ந்து தோய்ந்து, அவர் விரல்கள் எப்போதும் குளித்துவிட்டு வந்தவை போல ஊறி, மெத்தென்று இருக்கும். ஈரக் கை மின்சாரத்தைத் தாராளமாக விடும். உலர்ந்த கை இழுத்துப் பிடிக்கும். வாத்தியம் அவருடைய ஒரு கையை மட்டும் நம்பி வளர்ந்துவிட்டது.

"டெஸ்ட் பண்ணினதெல்லாம் நானே," என்றார் மெதுவாக. "ஒரு வாயில கூட போட்டுப் பாக்கலையே."

இன்ஜினியர் பையனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவனிடம் வழியும் இருந்தது. "அக்கா, ஒரு ஈரத் துணி பக்கத்துல வெச்சிடுங்க. தொட்டுட்டு வாசிக்கட்டும். அஞ்சு செகண்ட் வேலை."

செயலாளரின் கை மறுபடி சட்டைப் பைக்குப் போனது. டீச்சர், கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வரட்டுமா என்றார். எல்லோரும் நல்லதைத்தான் சொன்னார்கள்.

பல்லக்கா பையனைப் பார்த்துக் கேட்டார்: "பல்லு பொருந்தலைன்னா வாயை மாத்திட்டு வாங்கன்னு அனுப்பறதா, தம்பி?"



பலகையைக் கவிழ்த்தார். அடியில் ஒவ்வொரு பல்லுக்கும் கடுகளவு ஒரு திருகாணி. அதைத் திருகினால் அந்தப் பல்லுக்குக் காது கூர்மையாகும், உலர்ந்த விரலையும் கேட்கும். இருபத்தைந்து திருகாணி. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்பது மேசைகள் பாக்கி இருப்பதாகச் சொன்னார். டீச்சர், தனக்கு அவசரமில்லை, அவர் வேண்டுமானால் போய்விட்டு வரட்டும் என்றார். செயலாளர் போகவில்லை. பலகையை மறுபடி நிமிர்த்தி, அதன் ஒரு முனையை டிரைவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, பல்லக்கா குனிந்து அடியில் திருப்புளியை வைத்தார்.

"கையை எடுக்காதீங்க டீச்சர். அழுத்த வேணாம். தொட்டாப் போதும்."

திருகினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஸ்பீக்கருக்குள் ஏதோ கனைத்தது. இன்னும் ஒரு மயிரிழை. சத்தம் எழுந்து நின்றது. டீச்சர் விரலை எடுத்தார், நின்றுவிட்டது. வைத்தார், வந்தது. பல் டாக்டர் ஒரு கேப்பை மாட்டிவிட்டு, கடிக்கச் சொல்லி, உயரமா, தாழ்வா என்று கேட்டுக் கேட்டுத் தேய்ப்பார் அல்லவா, அந்தக் கேள்வியைக் கேட்கிற வாய்ப்பு பல்லக்காவுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை. அச்சுக் கல் பதில் சொல்லாது. இப்போது ஒரு மனுஷி எதிரே நின்று, "இல்ல, இது லேட்டா வருது," "இது சரியா இருக்கு," "இது நான் தொடறதுக்கு முன்னாடியே பாடுது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பல்லுக்குள் இருவருக்கும் பேச்சு வந்துவிட்டது.

"இது ஏன் திரும்பி வந்துச்சு?" என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் கேட்டார் டீச்சர். பல்லக்கா அடியிலிருந்தபடியே சொன்னார். இது உயரம் அதிகம், அந்த ஆளால் வாயை மூட முடியவில்லை. இது பக்கத்துப் பல்லோடு இடித்தது. இது சரியாகத்தான் இருந்தது, ஆனால் போட வேண்டியவர் ஊரை விட்டுப் போய்விட்டார். பதினோராவது தனக்குத் திருமணமான வாரத்தில் செய்தது, கவனம் வேறெங்கோ இருந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவர், "அதுக்கு நான்தான் காரணம்" என்று கூட்டத்துக்குப் பொதுவாக அறிவித்தார். நாய் மாதிரி என்று சொன்ன ஆள் இப்போது முன்வரிசைக்கு வந்து, பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது அடங்காமல் தானாகவே கூவத் தொடங்க, சண்டை ரோபோக்களின் மோட்டார்கள் கிளப்புகிற மின் இரைச்சல் அதற்குக் கேட்கிறது என்று கண்டுபிடித்தவன் இன்ஜினியர் பையன். ஓடிப்போய்த் தன் ரோபோக்களை நிறுத்திவிட்டு வந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

இருபத்தைந்தும் முடிந்தபோது பல்லக்காவின் இடுப்பு நிமிரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.  டீச்சரைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

டீச்சர் வகுப்பில் முதல் நாள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற சின்னப் பாட்டு ஒன்றை எடுத்தார். நான்கு வரி. முதல் வரி தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது வரியில் விரல் பற்களின் உயரத்தைப் பழகிக்கொண்டது. நான்கு வரியும் முடிந்தது. செயலாளர் நினைத்த சோதனை அத்தோடு முடிந்துபோயிற்று. ஆனால் டீச்சர் நிறுத்தவில்லை. அதே பாட்டை மறுபடி எடுத்து, இந்தத் தடவை பின்வரிசைத் தெத்துப்பற்களுக்குப் போனார். சந்தோஷமாக இருந்த பாட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதையோ யோசிக்கிற பாட்டாக மாறியது. மூடிய வாய்க்குள்ளிருந்து வருகிற அந்தச் சத்தத்துக்கு அது பொருந்தியது. காகிதப் பூ மேசையில் விலை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கேட்பதை நிறுத்தினார். ஜன்னல் பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரோ அடக்கினார்கள்.

பல்லக்கா டீச்சரின் விரலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பல் பேசும்போதும் அதன் எண்ணை அவர் உதடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

முடித்ததும் டீச்சர் செயலாளர் பக்கம் திரும்பினார். நன்றாக இருக்கிறது என்றோ, இது இசைக்கருவிதான் என்றோ சொல்லவில்லை. "சார், இதை உள்ள கொண்டு போங்க. வாசல்ல சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

செயலாளர் பேனாவைத் திறந்துகொண்டே அட்டை எடுக்கப் போனார். டிரைவர் கூட்டத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும், தானும் பலகையைப் பிடித்திருந்ததை விளக்கிக்கொண்டிருந்தார். கம்பளிப் பைக்காரம்மா தன் நாற்காலியைப் பல்லக்காவிடம் தள்ளிவிட்டு, உட்காரச் சொன்னார். உட்கார நேரமில்லை. மேசைக்கு முன்னால் வரிசை நின்றுவிட்டது. முதலில் நின்றவர் கட்டட வேலை செய்கிற ஒரு கொத்தனார். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். தன் கையைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு, "இது மரக்கட்டைங்க, இதுக்கெல்லாம் பாடாது" என்றார்.

"வைங்க, பாக்கலாம்," என்றார் பல்லக்கா.

வைத்தார். சத்தமில்லை. டீச்சரின் விரலுக்குச் சொன்ன பதிலை அந்தத் தோலுக்குச் சொல்ல வாத்தியத்துக்குத் தெரியவில்லை. கொத்தனார் சிரித்துக்கொண்டே கையை இழுக்கப் போனார். பல்லக்கா விடவில்லை. இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பல்லின் மேலேயே நிறுத்தி, டிரைவர் ஓடிவந்து பலகையின் முனையைத் தூக்க, வலது கையில் திருப்புளியோடு மறுபடி குனிந்தார்.

அந்த நேரத்தில்தான் செயலாளர் புது அட்டையோடு வந்தார். பச்சை மையில், பெரிய எழுத்தில், இசைக்கருவி என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டிருந்தார். இரண்டு கையாலும் அதை நீட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. "அம்மா, அட்டை" என்றார்.

பல்லக்காவின் இரண்டு கையும் வேலையில் இருந்தன. நிமிராமல், மேசையின் மூலையை முழங்கையால் காட்டினார்.

செயலாளர் வைத்தார். அவசரத்தில் அட்டையின் முகம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டது. ஸ்பீக்கர் கனைக்க ஆரம்பித்திருந்தது. கொத்தனாரின் கண் விரிந்துகொண்டிருந்தது. பல்லக்கா திருப்புளியை நிறுத்தாமல், முழங்கையாலேயே அட்டையின் விளிம்பைத் தட்டித் தட்டி நகர்த்தி, எழுத்து கூட்டத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.